ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்: பயணத்திரை பற்றிச் சில குறிப்புகள்

1

எண்பதுகளின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே இரவுப் பயணம் போனவர்களுக்கு ‘வீடியோ கோச்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. முன்கண்ணாடியின் மேல்பட்டையில் பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே, ஓட்டுநர் பகுதியைப் பயணிகளிடமிருந்து பிரிக்கும் தடுப்பின் உச்சியில், இரும்புச் சட்டத்துக்குள் பூட்டிவைத்த ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. அதற்குக் கீழே டெக். வண்டி தாம்பரம் தாண்டியதும் கிளீனர் வந்து கேசட்டைச் செருகுவார். சாப்பாட்டுக்கு நிறுத்தும்வரை ஒரு படம், மறுபடி ஏறியபின் இன்னொன்று. கூரை ஸ்பீக்கர்கள் வழியாகச் சத்தம் கடைசி இருக்கைவரை வந்துவிடும். பார்க்க விரும்பாதவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். காதை மூட வழியில்லை.

அப்படியொரு பயணத்தில் நடந்தது இது. இரண்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது, சென்னையில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “ஏய்யா, அதக் கொஞ்சம் அமத்தக் கூடாதா” என்றார். வண்டி இரண்டாகப் பிரிந்தது. காசு கொடுத்துத்தானே ஏறியிருக்கோம் என்றது ஒரு தரப்பு. நாங்க மட்டும் ஓசியிலயா வர்றோம் என்றது மறுதரப்பு. கடைசியில் கிளீனர் எல்லோரையும் கை தூக்கச் சொல்லி எண்ணினார். படம் ஜெயித்தது, சத்தம் பாதியாகக் குறைந்தது. அன்றைக்கு அது எனக்கு ஒரு குட்டி ஜனநாயகமாகவே பட்டது. விடியற்காலையில் டீக்கு நிறுத்திய இடத்தில் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இந்தப் படத்த நாப்பது அம்பது தடவ கேட்டுட்டேன் சார். வசனம் பூரா மனப்பாடம். ஒரு தடவகூடப் பாத்ததில்ல” என்றார். கை தூக்கச் சொன்னபோது அவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வாகனத்துக்குள் பயணிக்காக மாட்டப்பட்ட திரையின் வரலாற்றை அதன் தொழில்நுட்பத்திலிருந்து எழுதுவது எளிது. பெட்டி சிறிதாயிற்று, தட்டையாயிற்று, கூரையிலிருந்து மடங்கி இறங்கிற்று, கடைசியில் கைக்குள் வந்தது. வளர்ச்சியின் கதையாடல் எப்போதும் இப்படித்தான் நேர்கோட்டில் போகும். நான் அதை வேறொரு இடத்திலிருந்து, அதாவது அந்த ஓட்டுநரின் இருக்கையிலிருந்து, வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். அங்கிருந்து பார்த்தால் இந்தத் திரை இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்வது தெரிகிறது. பயணியை அவர் இருக்கையில் கட்டிப்போடுகிறது. கூடவே, அந்த வண்டியை ஒரு மனிதர் தூங்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பயணிக்கு மறக்கடிக்கிறது.

2

பயணிக்கு ஏன் காட்சி தேவைப்படுகிறது? சலிப்பு என்று உடனே பதில் வரும். ஆனால் சலிப்புக்கும் வரலாறு உண்டு. வோல்ஃப்காங் ஷிவெல்புஷ் என்ற ஜெர்மானியர் 1977இல் ரயில் பயணத்தின் வரலாறு பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரை வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். ரயில் வந்ததும் அந்தப் பேச்சு அறுந்தது என்கிறார் அவர். அருகிலிருப்பது கண்ணில் நிற்காத வேகம். அடுத்தடுத்த நிலையங்களில் ஏறி இறங்கும் அந்நியர்கள். எதிரே இருப்பவர் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? ஆகவே முகத்துக்கு முன்னால் ஒரு புத்தகம் வந்தது. 1848இல் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் புத்தகக் கடை திறந்தது. 1877இல் அலகாபாத்தில் வீலர் கடை வந்தது. தெற்கே ரயில் நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடைகளைப் பார்த்தவர்கள் நாம். பயணியின் முதல் திரை காகிதத்தால் ஆனது என்று சொன்னால் பொருந்தும்.

ஷிவெல்புஷ் சொல்வதில் நமக்கு முக்கியமானது இன்னொன்று. ரயிலில் வாசிப்பு மேல்வகுப்புக்காரர்களின் பழக்கமாக இருந்தது. தடுப்பில்லாத கீழ்வகுப்புப் பெட்டிகளில் பேச்சு ஓயவில்லை. நம்மூர் பாசஞ்சர் வண்டியில் போனவர்களுக்கு இதற்கு ஆதாரம் வேண்டாம். மூட்டையை எங்கே வைப்பது என்பதில் தொடங்கி, எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து, அதன் வழியாகச் சாதியைத் துழாவி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதில் முடியும் பேச்சு அது. அதை லட்சியமாக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சில் விசாரணையும் உண்டு, வன்முறையும் உண்டு. ஆனால் அது மனிதர்களுக்கிடையே நடந்தது.

ரயில் இன்னொன்றையும் செய்தது. குதிரை வண்டிக்காரரின் முதுகு பயணிக்குத் தெரியும். அவரைத் திட்டலாம், மெதுவாகப் போ என்று கெஞ்சலாம். எஞ்சின் ஓட்டுபவரைப் பயணி பார்ப்பதேயில்லை. ஓட்டும் உழைப்பு பயணியின் கண்ணிலிருந்து மறைந்தது அங்கேதான்.

3

அசையும் படம் ஆகாய வாகனத்துக்குள் சீக்கிரமே வந்துவிட்டது. 1921 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த ஒரு பொருட்காட்சியின்போது ஏரோமரைன் என்ற விமான நிறுவனம், நகரைச் சுற்றிக் காட்டும் பறக்கும் படகுக்குள் சிகாகோ பற்றிய ஒரு குறும்படத்தை ஓட்டிக் காட்டியது. கீழே சிகாகோ, உள்ளே திரையிலும் சிகாகோ. ஜன்னலுக்கு வெளியே இருப்பதையே திரையில் பார்க்கச் சொன்ன அந்த முதல் கணத்தில் பின்னால் வரப்போகும் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. 1925 ஏப்ரலில் இம்பீரியல் ஏர்வேஸ், லண்டன் அருகே பறந்த ஒரு விமானத்தில் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ என்ற மௌனப்படத்தைக் காட்டியது. அது முதல் உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானத்தைப் பயணத்துக்கு மாற்றியமைத்த வண்டி. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளை நடுவானில் ஓட்டினார்கள். இவை இரண்டும் விளம்பர வித்தைகள்.

ஒழுங்கான ஏற்பாடாக அது வந்தது 1961 ஜூலை 19இல். டிடபிள்யூஏ நிறுவனம் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போன ஜெட் விமானத்தில் ‘பை லவ் பொசெஸ்ட்’ என்ற படத்தைக் காட்டியது. ஏற்பாட்டைச் செய்தவர் டேவிட் ஃப்ளெக்ஸர், சினிமாத் தியேட்டர் தொழிலில் இருந்தவர். 16 மி.மீ. படம் முழுவதும் ஒரே பெரிய சுருளில் அடங்கும்படி செய்திருந்தார். படம் முதல் வகுப்புக்கு மட்டும்தான். தொலைதூர விமானங்களில் அது பரவியதும் ஒரு நடைமுறை பழகிப்போனது. சாப்பாடு, தட்டு எடுத்தல், ஜன்னல் மறைப்பை இறக்கச் சொல்லுதல், விளக்கணைத்தல், படம். பகல் வெளிச்சத்தில் படம் தெரியாதே! வானத்தைப் பார்க்க ஆசைப்பட்டு ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கியவரிடம், மற்றவர்கள் படம் பார்க்கிறார்கள், வானத்தை மூடுங்கள் என்று சொல்லும் நிலை வந்தது. சிரிக்கவைத்தாலும் விஷயம் அற்பமல்ல. நூற்றைம்பது பேரை ஐந்தாறு மணி நேரம் நடமாடவிடாமல், கேள்வி கேட்கவிடாமல், இடைகழியை அடைக்காமல் வைத்திருக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. கேளிக்கை என்ற பெயரில் நிகழும் உடல் நிர்வாகம் இது.

4

விமானத்தில் காதுக்கு ஒரு தீர்வு கிடைத்தது. ஹெட்செட். வேண்டாதவர் மாட்டாமல் இருந்துகொள்ளலாம். தரையில் ஓடும் பொது வாகனத்தில் இந்தக் காதுப் பிரச்சினை முன்பே நீதிமன்றம் ஏறியிருந்தது. வாஷிங்டன் நகரத்தில் பஸ்ஸும் டிராமும் ஓட்டிய ஒரு தனியார் நிறுவனம், நாற்பதுகளின் இறுதியில் வண்டிகளுக்குள் ஸ்பீக்கர் வைத்து வானொலி நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. இசையோடு விளம்பரமும் வரும். இரண்டு பயணிகள் எதிர்த்தார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போய் 1952 மே மாதம் தீர்ப்பானது. பொல்லாக் வழக்கு என்று அதற்குப் பெயர். பெரும்பான்மை நீதிபதிகள் நிறுவனத்தின் பக்கம். வீட்டுக்குள் ஒருவருக்கு இருக்கிற தனிமையைப் பொது வாகனத்தில் எதிர்பார்க்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

நீதிபதி டக்ளஸ் மட்டும் மறுத்தார். வானொலி பிடிக்கவில்லையென்றால் வீட்டில் நிறுத்திவிடலாம், கூட்டத்தில் எழுந்து போய்விடலாம், வேலைக்குப் போக பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லாதவர் எங்கே போவார் என்பது அவர் கேள்வியின் பொருள். பஸ்ஸில் இருப்பவர் சிறைப்பட்ட கேட்பவர். நீதிபதி ஃப்ராங்ஃபர்ட்டர் இந்த வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார். அந்த ஒலிபரப்பால் தானும் பாதிக்கப்பட்டவன், தன் உணர்ச்சி இதில் அளவுக்கு மீறி ஈடுபட்டிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டு ஒதுங்கினார். கோபப்பட்ட பயணி தீர்ப்பு சொல்ல முடியாது என்பது நியாயம்தான். கோபம் வந்தவர் விலகிவிட, மீதிப் பேர் தீர்ப்பு சொன்னார்கள்.

இந்த வழக்கிலும் பேசப்படாத காது ஒன்று உண்டு. பயணி அரை மணி நேரம் கேட்டார். ஓட்டுநர் ஷிப்ட் முழுக்கக் கேட்டார். உரிமையின் சொல்லாடல் முழுவதும் பயணியைச் சுற்றியே கட்டப்பட்டது. டிக்கெட் வாங்கியவருக்கு உரிமை பற்றிய விவாதம், சம்பளம் வாங்குபவருக்கு விவாதமே இல்லை.

ஓட்டுநரைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. அவர் கண்ணைப் பற்றி அதற்குக் கவலை உண்டு. வணிக வாகனங்களுக்கான அமெரிக்க மத்திய அரசு விதி ஒன்று, தொலைக்காட்சித் திரை ஓட்டுநர் இருக்கையின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், ஓட்டும்போது அவர் கண்ணில் படக்கூடாது என்கிறது. கூடவே இன்னொரு நிபந்தனை. பெட்டியை இயக்கும் குமிழ்கள், இருக்கையை விட்டு எழுந்தால் ஒழிய அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விபத்தைத் தடுக்கும் நல்ல விதி, யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் அதன் அமைப்பைக் கவனிக்கலாம். அவரால் பார்க்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கேட்பது மட்டும் மிச்சம்.

5

மடங்கி இறங்கும் திரை தனியார் காருக்குள் வந்த கதை அமெரிக்கக் குடும்பத்தின் கதை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெரிய வேன்களை வாங்கி உள்ளே மெத்தை, தொலைக்காட்சி, வீடியோ எல்லாம் பொருத்தித் தருகிற பட்டறைகள் அங்கே இருந்தன. படக்குழாய் கொண்ட பெட்டிக்கு ஆழம் அதிகம். அதை எங்காவது திண்ணை போலக் கட்டித்தான் வைக்க முடியும். திரவப் படிகத் திரை மலிவானபோதுதான் அதைக் கூரையில் கீல் போட்டு மாட்டி, வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது மேலே மடக்கிவைக்க முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபில் சில்லுவெட் என்ற மினிவேனின் 1999 மாடல் ஒன்றில், விஎச்எஸ் பிளேயரோடு 5.6 அங்குலத் திரையைக் கூரையிலிருந்து இறங்கும்படி தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்றது. பிறகு டிவிடி வந்தது, மற்ற நிறுவனங்களும் வந்தன. சில ஆண்டுகளில் குழந்தைகள் உள்ள வீட்டு வண்டிக்கு அது சாதாரணப் பொருளாயிற்று.

ஏன் அந்தக் காலத்தில்? திரை மலிவானது ஒரு காரணம். குழந்தையின் உடல் கட்டப்பட்டது இன்னொரு காரணம் என்பது என் வாசிப்பு. 1978இல் டென்னஸி மாநிலம் காரில் குழந்தையைத் தனி இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. 1985க்குள் எல்லா மாநிலங்களிலும் அப்படிச் சட்டம் வந்துவிட்டது. 1991இல் காற்றுப்பையைக் கட்டாயமாக்கும் சட்டம். முன்னிருக்கைக் காற்றுப்பை விரியும் வேகத்தில் சிறுபிள்ளைகள் சாகிறார்கள் என்று தெரியவந்ததும், பிள்ளைகளைப் பின்னிருக்கையில் வையுங்கள் என்ற அறிவுரை தொண்ணூறுகளில் பலமாக ஒலித்தது. இவை உயிர் காத்த சட்டங்கள். எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். முன்பு மடியில் இருந்த, ஜன்னலில் ஏறி நின்ற, அம்மாவின் தோளைப் பிடித்துத் தொங்கிய குழந்தை இப்போது பின்னால், அசைய முடியாமல், பேச ஆளில்லாமல். அழத்தானே செய்யும்? அந்த அழுகைக்குப் பதிலாகக் கூரையிலிருந்து இறங்கியது திரை.

ஓட்டுபவர் பெரும்பாலும் தாய். பள்ளி, பயிற்சி வகுப்பு, கடை என்று புறநகர் அமெரிக்காவில் அவர் ஓட்டுவது சம்பளமில்லாத வேலை. திரை அவருக்கு உதவி என்றுதான் விற்கப்பட்டது. உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் இறங்கிய திரை எங்கே தொங்குகிறது? உள்கண்ணாடி வழியாக அவர் பின்னிருக்கையைப் பார்க்கும் கோட்டில். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே மிஞ்சியிருந்த அந்தக் கண்ணாடிப் பார்வையையும் அது மறித்தது. பிள்ளைகள் காதில் ஹெட்போன். முன்னால் ஒருத்தி, தனியாக, சாலையோடு. பேருந்து ஓட்டுநரின் நிலைக்குத் தாய் வந்து சேர்ந்த இடம் இது.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில் ‘நகரும் தனிமயம்’ என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு கருத்தை முன்வைத்தார். தொழில்மயச் சமூகம் மனிதர்களை ஓயாமல் இடம்பெயரவும் வைக்கிறது, தன் வீடு தன் குடும்பம் என்று அடைந்துகொள்ளவும் வைக்கிறது. இந்த இரண்டு முரணான இழுப்புகளுக்கும் ஏற்ற கருவியாகத்தான் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தன என்றார். அவர் பேசியது வீட்டுக்குள் இருந்த பெட்டியைப் பற்றி. கால் நூற்றாண்டு கழித்து வீட்டுக் கூடமே சக்கரம் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடியது.

6

இனி நம்மூருக்கு வரலாம். தமிழகத்தில் பஸ் என்பது வெறும் வாகனமல்ல. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த தனியார் பஸ்களுக்கு, ஏற்றாவிட்டால் உரிமம் ரத்து என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் 1920களின் முடிவில் உத்தரவு போட வேண்டியிருந்தது. பஸ் இருக்கை போராடிப் பெற்ற இடம். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தோடு பஸ்கள் அரசுடைமையாகத் தொடங்கின. 1997இல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்குச் சாதி வெறியர்கள் தென்மாவட்டங்களைக் கொளுத்தினார்கள். கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. திருவள்ளுவரும் போனார். பஸ்ஸின் நெற்றியில் எந்தப் பெயர் இருக்கலாம் என்பதற்கே ரத்தம் சிந்திய மண்ணில், பஸ்ஸுக்குள் தொங்கிய திரையை வெறும் கேளிக்கை என்று விட்டுவிட முடியாது.

வீடியோ கோச் பெரும்பாலும் ‘ஆம்னி பஸ்’. மோட்டார் வாகனச் சட்டப்படி ஆம்னி பஸ் என்றால் ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டப்பட்ட எந்த வண்டியும்தான். இந்த வண்டிகள் ஓடியது ஒப்பந்த ஊர்தி அனுமதியில். அதாவது முழு வண்டியையும் ஒரு குழு ஒப்பந்தம் பேசி எடுத்துப்போவதாக ஐதீகம். வழியில் ஒப்பந்தத்தில் இல்லாத ஆளை ஏற்றக் கூடாது. நடைமுறையில் ஆளுக்கொரு டிக்கெட். சட்டத்தின் காகிதத்தில் நாம் எல்லோரும் ஒன்றாகச் சுற்றுலா போகும் நண்பர்கள், வண்டிக்குள் ஒருவரையொருவர் அறியாத நாற்பது பேர். இந்தப் பொய்க் குழுவை ஒரே திசையில் பார்க்கவைத்து நிஜக் குழுவாக்கிக் காட்டியது தடுப்பின் உச்சியில் இருந்த பெட்டி.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. வீடியோ டெக்கும் கூடவே பரவியது. தெருமுனைக் கேசட் கடை, வாடகை டெக், கல்யாண வீட்டில் விடிய விடியப் படம். தியேட்டர்காரர்களும் தயாரிப்பாளர்களும் அலறினார்கள். 1984இல் வீடியோ வழியாகத் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டது. அதே ஆண்டு மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோப் படத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. இந்தச் சட்டங்களின் கண்ணில் வீடியோ கோச் என்பது உரிமம், வரி, திருட்டு கேசட் சம்பந்தப்பட்ட பிரச்சினை. உரிமையாளரின் சொத்து யாரால் களவாடப்படுகிறது என்று கேட்டார்கள். பயணியின் தூக்கம் களவாடப்படுவது சட்டத்தின் கேள்வியாக இல்லை.

பிரிட்டனிலிருந்து வந்த விஎச்எஸ் கேசட்டுகளின் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரும். இது வீட்டில் பார்க்க மட்டுமே, இன்னின்ன இடங்களில் காட்டக் கூடாது என்று ஒரு பட்டியல். கிளப், தொலைதூரப் பஸ், மருத்துவமனை, ஓட்டல், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை, சிறை, பள்ளி. அகரவரிசைப்படி எழுதிய வக்கீல் பட்டியல்தான். ஆனால் ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் திடுக்கென்றிருக்கும். சிறை, மருத்துவமனை, பள்ளி. மனித உடல்களை அடைத்து, வரிசைப்படுத்தி, நேரப்படி நடத்தும் இடங்கள். அவற்றோடு பஸ்ஸும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கெல்லாம் ஆட்கள் எழுந்துபோக முடியாதோ அங்கெல்லாம் யாரோ ஒருவர் படம் போடுவார் என்பது பதிப்புரிமை வக்கீலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வீடியோ கோச்சைப் பற்றி எழுதும்போது ஏக்கம் எட்டிப் பார்க்கும். அதைத் தடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கை அணைத்துப் படம் போட்ட வண்டிக்குள் தனியாக வந்த பெண்களுக்கு அந்த இருட்டு என்னவாக இருந்தது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பக்கத்து இருக்கையின் முழங்கை நினைவிருக்கும், படம் நினைவிருக்காது. எந்தக் கேசட் என்று தீர்மானித்ததும் பயணிகள் அல்ல. இருந்தும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது பொதுத் திரை. அதனால் சண்டை போட முடிந்தது. சத்தத்தைக் குறை, விளக்கைப் போடு, படத்தை மாத்து, பச்சப்புள்ள தூங்குது என்று சொல்ல ஒரு கிளீனர் இருந்தார். பாட்டி தோற்றுப்போனார், ஆனால் பாதிச் சத்தத்தைக் குறைக்கவைத்துத்தான் தோற்றார்.

தோற்கக்கூட வழியில்லாமல் இருந்தவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். 1961இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. தொலைதூரத் தடங்களில் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். 1988இன் மோட்டார் வாகனச் சட்டமும் அதையே சுட்டியது. பிறகு அது 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. தனியார் இரவு வண்டியில் இந்த மணிக்கணக்கு எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று அறிய ஆராய்ச்சி தேவையில்லை. விடியற்காலையில் டீக்கடையில் ஓட்டுநரின் கண்ணைப் பார்த்தால் போதும். திரையில் கதாநாயகன் முதலாளியை எதிர்த்து வசனம் பேசிக்கொண்டிருக்க, அதைக் கேட்டபடி மணிக்கணக்கில்லாமல் ஒருவர் வண்டி ஓட்டினார்.

7

2001இல் வால்வோவின் சொகுசுப் பேருந்து இந்தியாவுக்கு வந்தது. குளிர்சாதன வண்டிகளில் தடுப்பின் உச்சியில் இருந்த பெரிய பெட்டி போய், இடைகழிக் கூரையிலிருந்து தட்டைத் திரைகள் இறங்கின. 2010இல் ஐபேட், 2016இல் ஜியோ கொண்டுவந்த மலிவு டேட்டா. அதன்பின் பொதுத் திரை படிப்படியாகப் பொருளிழந்தது. படுக்கை வண்டியில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆளுக்கொரு செல்போன். அமெரிக்கக் காரிலும் இதே கதைதான். பிள்ளைகள் கையில் டேப்லெட் வந்ததும் கூரைத் திரைக்கு வேலை குறைந்தது. இன்றைக்கு யாரும் யார் காதையும் சிறைப்பிடிக்கவில்லை என்று சொல்லலாம். டக்ளஸ் கேட்ட உரிமை கிடைத்துவிட்டது. கூடவே கை தூக்குவதும் போயிற்று. நாற்பது பேர் நாற்பது படம் பார்க்கும் வண்டியில், ஓட்டுநர் கண்ணயர்கிறார் என்பதைக் கவனிக்க ஒருவரும் இல்லை.

பயணியின் பக்கம் இப்படி முடிய, திரை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. புதிய கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே பெரிய தொடுதிரை. டெஸ்லா கார்களில் வண்டி ஓடும்போதே முன்திரையில் விளையாட முடிந்ததை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் விசாரிக்கத் தொடங்கியபின் அந்த வசதி பூட்டப்பட்டது. இந்தியாவில் 2017இன் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், வழிகாட்டலுக்குத் தவிர ஓட்டுபவர் வீடியோ பார்க்கக் கூடாது என்கின்றன.

இந்த வரலாற்றின் கடைசிக் காட்சி 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரம். தானே ஓடும் சோதனைக் கார் ஒன்றை ஊபர் நிறுவனம் சாலையில் விட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் கண்காணிக்க ஒரு பெண் ஊழியர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது கார் மோதி அவர் இறந்தார். அந்த நேரத்தில் ஊழியரின் செல்போனில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது என்று போலீஸ் சொன்னது. ஓட்டுநர் பார்த்தே விட்டார்! முதலில் அந்த வண்டிகளில் இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். 2017இல் அதை ஒருவராகக் குறைத்திருந்தது நிறுவனம். ஊழியரின் கவனச் சிதறலோடு நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைபாட்டையும் 2019 நவம்பரில் மத்திய விசாரணை அமைப்பு சுட்டிக்காட்டியது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சிலேயே நிறுவனத்தின்மேல் குற்ற வழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் முடிவு செய்திருந்தார். வழக்கு ஊழியர்மீது. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார்.

ஓட்டாமல் உட்கார்ந்து, எதுவும் நடக்காத சாலையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இரு என்று ஒருவரிடம் சொல்வது, பயணியின் சலிப்பையும் ஓட்டுநரின் பொறுப்பையும் ஒரே உடலில் ஏற்றுவது. பயணிக்குச் சலித்தால் திரை தரப்படும். ஓட்டுநருக்குச் சலித்தால் தண்டனை. அந்தப் பெண் செய்தது தவறில்லை என்று நான் வாதிடவில்லை. இறந்தவருக்கு யார் பதில் சொல்வது? இரண்டு பேர் செய்த வேலையை ஒருவரிடம் கொடுத்த முடிவு எந்த நீதிமன்றத்திலும் கூண்டில் ஏறவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த விடியற்காலை ஓட்டுநரைப் பிறகு நான் பார்க்கவில்லை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நாற்பது பேர் கை தூக்கிய வண்டியில் அவர் ஒருவர் கையும் ஸ்டியரிங்கில் இருந்தது, தூக்கியிருக்கவும் முடியாது. அவரைக் கேட்டிருந்தால் படம் வேண்டாம் என்றிருப்பாரா? தூக்கம் வராமல் இருக்க ஓடட்டும் என்றுதான் ஒருவேளை சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லியிருந்தால், பேச வேண்டியது படத்தைப் பற்றியல்ல, தூக்கத்தைப் பற்றி என்று அன்றைக்கே எங்களுக்குப் புரிந்திருக்கும். அடுத்த முறை இரவு வண்டியில் ஏறும் நண்பர்கள், செல்போனை எடுப்பதற்கு முன் முன்னால் போய் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரலாம்: அண்ணே, எத்தன மணிக்கு வண்டி எடுத்தீங்க? மாத்தி ஓட்ட இன்னொரு ஆள் இருக்காரா?